நோயுற்ற குழந்தையின் உடன்பிறப்பிடமும் பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, நோயையும் சிகிச்சையையும் தெளிவாக விளக்கியிருந்தது. அதில் இடம்பெறாத இன்னொரு குழந்தையைப் பற்றி, தொடக்கப் பள்ளி ஆசிரியை என்ற முறையில் எழுதுகிறேன். பாட்டி வீட்டில் விடப்பட்டு, வழக்கம்போல் பள்ளிக்கு வந்துபோகும் உடன்பிறப்புதான் அது.

என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒரு சிறுமியின் தம்பிக்கு இந்நோய் கண்டது. பெற்றோர் இருவரும் அவனுடன் சென்னையில் தங்கிவிட, 'தம்பிக்குக் காய்ச்சல், சீக்கிரம் வந்துவிடுவான்' என்று மட்டும் இவளிடம் சொல்லியிருந்தார்கள். நாளடைவில் அவள் மதிய உணவைத் தொடாமல் வைத்துவிடுவதும், வயிற்றுவலி என்று தலைசாய்த்துப் படுப்பதும் வழக்கமாயின. தனியே அழைத்து விசாரித்தபோது, தம்பியின் கையிலும் தொடையிலும் கன்றியிருந்த நீலத் தடங்கள் தான் கிள்ளியதால் வந்தவை என்றும், அதனால்தான் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றும் தேம்பியபடி சொன்னாள். இரத்தத் தட்டணுக்கள் குறையும்போது அத்தகைய தடங்கள் தோன்றுவது இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று. அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

பெரியவர்கள் மறைப்பது பாசத்தினால்தான் என்பதை அறிவேன். ஆயினும் இந்நோயின் சிகிச்சை பெரும்பாலும் 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீள்கிறது. முடி கொட்டி, முகம் வீங்கி வரும் தம்பியைப் பார்த்த பிறகும் காய்ச்சல் என்ற பேச்சு எடுபடுமா? காதில் விழும் அரைகுறைச் சொற்களைக் கொண்டு குழந்தை தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது. நோயின் பெயர் இன்னது, அது யார் செய்த தவறாலும் வரவில்லை, தொட்டால் ஒட்டாது, அம்மா திரும்பும்வரை உன்னை இன்னார் பார்த்துக்கொள்வார் என்ற அளவிலாவது அதனிடம் சொல்லிவிட வேண்டும். 'பிழைத்துக்கொள்வானா?' என்று கேட்டால், டாக்டர்கள் மருந்து கொடுத்துவருகிறார்கள், எதுவானாலும் உன்னிடம் மறைக்க மாட்டோம் என்பதே நேர்மையான பதில். எல்லோரும் அவனையே கவனிக்கிறார்கள் என்று கோபப்படும் குழந்தையை 'உனக்கு இரக்கமே இல்லையா' என்று அதட்டுவது பெருங்கொடுமை.

வகுப்பாசிரியருக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவக் காரணமும் இதற்கு உண்டு: சிகிச்சையில் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும் குழந்தைக்குச் சின்னம்மையும் தட்டம்மையும் உயிருக்கே ஆபத்தாகலாம். வகுப்பில் யாருக்கேனும் அம்மை போட்டால் அன்றே பெற்றோருக்குத் தகவல் சொல்ல, வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரிந்தால்தானே முடியும்?

நோய்த்தொற்றுக்கு அஞ்சி, சிறுவர்களை வார்டுக்குள் விடாதிருப்பதில் நியாயம் இருக்கிறது. எனினும், இரத்த அணுக்களின் எண்ணிக்கை தேறியிருக்கும் நாளில், சளி காய்ச்சல் இல்லாத உடன்பிறப்பை வெளியே ஓரிடத்தில் சந்திக்க வைக்கலாம். அதற்கும் வழியில்லாதபோது அலைபேசியில் முகம் பார்த்துப் பேச வைக்கலாம். நோயாளியைச் சேர்க்கும் நாளிலேயே 'வீட்டில் வேறு குழந்தைகள் உண்டா, அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?' என்று பெற்றோரைக் கேட்பதை மருத்துவமனைகள் நடைமுறையாக்க வேண்டும் எனவும், மாவட்டக் கல்வி அலுவலர்கள் இத்தகைய மாணவர்கள் குறித்து ஆசிரியர்களுக்கு வழிகாட்ட வேண்டும் எனவும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.