தெரியாத நம்பர்னாலும் எடுடி

அடியே வித்யா,

எப்படி இருக்க, அம்மாவுக்கு முட்டி வலி பரவால்லயா, சின்னவன் ஸ்கூலுக்கு அழாம போறானா. சரி, விசாரிச்சாச்சு. இப்ப திட்டு. எட்டு மாசமா ஒரு மெசேஜ் கூட போடல நானு, தெரியும். காரணம் கடைசில சொல்றேன், இப்பவே சொன்னா நீ மேல படிக்க மாட்ட.

போன மாசம் ஒரு இன்டர்வியூ போனேன். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர்ல படிக்கற ட்ரெய்னிங் கோர்ஸ் பண்றதுல பதிமூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு நெஞ்ச நிமித்திட்டு உக்காந்திருக்கேன், எதிர்ல ஒரு பொண்ணு, இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும், ரொம்ப மரியாதையா "மேம், போர்ட்ஃபோலியோ லிங்க் இருக்கா"ன்னா. அவ்ளோதான். என்னடி இருக்கு எங்கிட்ட? பண்ணது பூரா கிளையன்ட்டோட எல்எம்எஸ்குள்ள, அதான் அவன் ஸ்டாஃப் கோர்ஸ் படிக்கற சைட்டுக்குள்ள, வெளிய காட்டக் கூடாதுன்னு என்டிஏ போட்டு பூட்டி வச்சிருக்கு. ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் உக்காந்து ஒரு பேங்க் கோர்ஸ் பண்ணோமே, ஃபைல் பேரு கூட "ஃபைனல் ஃபைனல் ஏழு", அது பிரவுசர்ல அனிமேஷன் ஓட்டற ஃப்ளாஷ்ல பண்ணது. 2020 டிசம்பர் 31ஓட அடோபியே ஃப்ளாஷுக்கு சங்கு ஊதிட்டான், இப்ப கிளையன்ட்டே எடுத்துக் குடுத்தாலும் எந்த பிரவுசர்லயும் ஓடாது. "எல்லாம் கான்ஃபிடென்ஷியல்"னு இழுத்தேன். "எல்லாரும் அதேதான் சொல்றாங்க மேம், சொந்தமா ஒண்ணாவது பண்ணி வச்சிருக்கலாமே"ன்னா. வேலை கிடைக்கல. ரெண்டு நாள் அவள திட்டினேன், மூணாவது நாள் அவ சொன்னது சரின்னு பட்டுது, அதுல இன்னும் எரிச்சல்.

அந்த எரிச்சல்ல ஒண்ணு பண்ணேன் பாரு. சமையக்கட்டுல கேஸ் வாடை வந்தா என்ன பண்ணுவ, அதான் சப்ஜெக்ட், கோர்ஸ் கட்டற சாஃப்ட்வேர் ஸ்டோரிலைன்ல மொத்தமே அஞ்சு ஸ்லைடு. கை பழக்கதோஷம், முதல் ஸ்லைடுல லேர்னிங் அப்ஜெக்டிவ்ஸ்னு நாலு பாயின்ட் அடிச்சிட்டேன், அப்புறம்தான் ட்ரெய்னிங் டிசைன் பண்ணக் கத்துக் குடுக்கற கேத்தி மூரோட ஆக்‌ஷன் மேப்பிங் ஞாபகம் வந்துது, ஆளுக்கு என்ன தெரியணும்னு ஆரம்பிக்காத, ஆள் என்ன செய்யணும்னு ஆரம்பி, அம்மா சொல்ற மாதிரி அந்தம்மாவும் சொல்லிட்டே இருக்காங்க, நாமதான் டெட்லைன்ல கேக்கறதில்ல. எல்லாத்தையும் அழிச்சேன். எடுத்த எடுப்புல ராத்திரி பத்தரை மணி, இருட்டு கிச்சன், வாடை. எதைத் தொடுவ? லைட் சுவிட்ச், எக்ஸாஸ்ட் ஃபேன், ஜன்னல், ரெகுலேட்டர்.

எங்கம்மாகிட்ட குடுத்தேன். கண்ணாடிய மாட்டிட்டு யோசிக்கவே இல்ல, டொக்குன்னு எக்ஸாஸ்ட் ஃபேன்ல ஒரு அமுக்கு. "வாடை வெளிய போகணும்லடி"ங்கறாங்க. சுவிட்சுல வர்ற ஒரு பொறி போதும்மா, ரெகுலேட்டர மூடு, கதவு ஜன்னல திற, வெளிய வந்து 1906க்கு போன் பண்ணுன்னு அடுத்த ஸ்லைடு சொல்லுது, அம்மா மூஞ்சி மாறிடுச்சு. நம்ம கோர்ஸ்ல தப்பு ஆப்ஷன் எப்படி இருக்கும்? "தீக்குச்சி கிழிச்சுப் பார்ப்பேன்". எவன்டி அத அமுக்குவான்? தப்பான பதில்னா எங்கம்மா நம்பி அமுக்கற மாதிரி இருக்கணும், பதிமூணு வருஷத்துல இது எனக்கு இப்பதான் விளங்குது, வெக்கமா இருக்கு. அன்னிலேந்து அம்மா படுக்கறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர மூடிட்டுதான் படுக்கறாங்க. ட்ரெய்னிங் எவ்ளோ வேலை செஞ்சுதுன்னு அளக்கற கிர்க்பாட்ரிக்கோட நாலு லெவல்ல நாம காலம்பூரா ஸ்மைலி போட்ட ஃபீட்பேக் ஃபார்ம தாண்டினதே இல்ல, அம்மா ஒரே ராத்திரில மூணாவது லெவல்ல, அதான் பழக்கமே மாறற லெவல்ல, போய் உக்காந்துட்டாங்க.

அத தூக்கிட்டு ஒரு இடத்துக்குப் போனேன், அதைத்தான் முக்கியமா சொல்லணும். நெட்வொர்க்கிங்னா எனக்கு எவ்ளோ அலர்ஜின்னு உனக்குத் தெரியும், லிங்க்ட்இன்ல "பெருமையுடனும் பணிவுடனும்"னு ஆரம்பிக்கற கும்பலப் பாத்தாலே நாம அடிச்ச கமென்ட் எல்லாம் ஞாபகம் இருக்குல்ல. இது அப்படி இல்லடி. மாசத்துல மூணாவது சனிக்கிழமை, அடையாறுல ஒரு காபி கடை, ஏழு பேர் வந்தா கூட்டம். விசிட்டிங் கார்டு கிடையாது, பிபிடி கிடையாது. அரைகுறையா நிக்கற ஏதாவது ஒண்ண லேப்டாப்ல திறந்து காட்டணும், அவ்ளோதான் கண்டிஷன்.

நான் கேஸ் கோர்ஸ காட்டிட்டு, சும்மா புலம்பற மாதிரி ஆபீஸ் தலைவலி ஒண்ணையும் சொன்னேன். பெரிய கோர்ஸ், பாதில மூடிட்டு திரும்ப வந்தா சில பேருக்கு விட்ட இடம் வரமாட்டேங்குது, மூணு வாரமா நானும் டெவலப்பரும் மண்டைய ஒடைச்சுக்கறோம், கிளையன்ட் டெய்லி கத்தறான். மூலைல வடைய சட்னில முக்கிட்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து கூட பாக்கல, "கோர்ஸ் எல்எம்எஸோட பேசற ஸ்டாண்டர்ட் எது, ஸ்கார்ம் 1.2வா? விட்ட இடத்த குறிச்சு வைக்கற சஸ்பெண்ட் டேட்டாக்கு அதுல 4096 எழுத்துதாம்மா இடம், ரொம்பிருக்கும். எல்எம்எஸ் ஒத்துக்கும்னா ஸ்கார்ம் 2004 மூணாவது எடிஷன்ல பப்ளிஷ் பண்ணு, 64,000 குடுப்பான்"னாங்க. திங்கக்கிழமை மாத்தினேன். வேலை செஞ்சுது! அந்த அக்கா கால்ல விழலாம் போல இருந்துது.

சரி, இப்ப அந்த காரணம். மார்ச்சுல உன்ன வேலைய விட்டு அனுப்பினாங்களே, அன்னிக்கு சாயங்காலம் உன் நம்பர எடுத்து வச்சிட்டு மொட்டை மாடில அர மணி நேரம் நின்னேன். பண்ணல. என்னன்னு சொல்றது, அடுத்தது நானோன்னு பயம், உங்கிட்ட பேசினா அது எனக்கும் ஒட்டிக்கும்கற மாதிரி ஒரு கேவலமான பயம். ஸ்டோரிபோர்ட ஏஐ எழுதிடும், வாய்ஸ் ஓவரும் அதுவே பேசிடும்னு மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்லிட்டிருந்தாங்க வேற. அதெல்லாம் சாக்கு. நான் பண்ணது தப்பு வித்யா. ஸாரி.

இன்னொன்னும் பண்ணிட்டேன், கேக்காம. அந்த டேபிள்ல ஒருத்தர் மெடிக்கல் ரெப்புங்களுக்கு கோர்ஸ் எழுத ஃப்ரீலான்ஸ் ஆள் தேடறார். எஸ்எம்ஈயா, அதான் விஷயம் சொல்லிக் குடுக்கற நிபுணரா, வந்த டாக்டரையே இன்சுலின்ல மடக்கின ஒருத்தி திருச்சில இருக்கான்னேன். உடனே "எங்க வேலை, சாம்பிள் இருக்கா"ன்னுதான் கேட்டார், பாத்துக்க. அதனால நீயும் ஒரு அஞ்சு ஸ்லைடு பண்ணு, உங்க மாமியார் சுகர் மாத்திரைய மாத்தி மாத்திப் போடற கதையவே பண்ணு, நான் ஸ்டோரிலைன்ல கட்டித் தரேன். வர்ற மூணாவது சனிக்கிழமை பல்லவன் எக்ஸ்பிரஸ்ல ஏறிடு, எழும்பூர்ல நான் நிக்கறேன், கூட்டம் நாலு மணிக்குத்தான்.

உன் நம்பர அவர்கிட்ட குடுத்திருக்கேன். தெரியாத நம்பர்னு வழக்கம் போல கட் பண்ணிடாத.

சுதா