ஊர் தெரிந்த கற்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஐப்பசி மழையில், பந்தலூர்ப் பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் பெரியவர் ஒருவர் தம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து காட்டினார். அடியில் சாயம் போன சிவப்புத் துணி முடிச்சு. அவிழ்த்தால் முப்பத்தொரு பொடிக்கற்கள். 1974-இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியபோது கொண்டுவந்தவை. இரத்தினபுரிப் பக்கம் தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் மாணிக்கக் குழிக்குப் போவாராம். 'இல்லம்' என்று அங்கே சொல்லும் கூழாங்கல் மண்ணைக் கூடையில் அள்ளித் தண்ணீரில் சுழற்றி அரிப்பார்கள். நல்ல கல் முதலாளிக்கு. விலைக்கு ஆகாது என்று கழித்ததுதான் இவர் முடிச்சில். எந்தக் குழி, எந்த ஓடை, எத்தனை ஆள் ஆழம் என்று இன்றும் தடுமாறாமல் சொல்கிறார்.

அந்தக் கழிவுக் கற்களுக்காகத்தான் இந்த வேண்டுகோள்.

இப்படிப்பட்ட ஒரு நீலக்கல் எந்த ஊரில் பிறந்தது என்று ஆய்வகங்கள் சொல்வது ஒப்பிட்டுப் பார்த்துத்தான். உள்ளே பட்டு இழைபோல ஓடும் ரூட்டைல் என்னும் கனிமத்தின் ஊசிகளைப் பார்ப்பார்கள். லேசரால் முடியளவு துளையிட்டு மக்னீசியம், டைட்டானியம், இரும்பு, காலியம் எவ்வளவு என்று அளப்பார்கள். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஊர் நிச்சயமாகத் தெரிந்த கல் வேண்டும். அது இல்லாமல் எந்தக் கருவியும் ஊரைச் சொல்லாது. தன் கையால் குழியில் எடுத்த கல்லுக்கு ஆய்வகங்களில் முதல் மதிப்பு, கடைத்தெருவில் வாங்கியதற்குக் கடைசி மதிப்பு. அழகு கணக்கில் வராது. இழையும் கறையும் நிறைந்த கல்தான் நிறையப் பேசும்.

1998-இல் மடகாஸ்கரின் இலக்காக்காவில் நீலக்கல் கிடைக்கத் தொடங்கியது. பல கற்கள் இலங்கைக் கற்களின் உடன்பிறப்பு போலவே இருக்கும். இரண்டு நிலங்களும் ஒட்டிக் கிடந்த காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரே மலையாக்கத்தில் விளைந்தவை அல்லவா? பட்டை தீட்டவும் விற்கவும் அவற்றில் பல இலங்கைக்கே வருகின்றன. அதனால் இன்று இலங்கைச் சந்தையில் வாங்கிய கல் இலங்கைக் கல்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. 1974-இல் முடிந்த முடிச்சில் மடகாஸ்கர் கல் கலந்திருக்க வழியே இல்லை. நிறம் கூட்ட உலையில் சுட்டதுமில்லை. கடுஞ்சூட்டில் கரைந்துபோகும் இழைகள் இதில் அப்படியே இருக்கின்றன.

இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் செய்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் பரவியிருக்கின்றன. இதுவரை ஒன்பது வீடுகளில் இப்படி முடிச்சுகள் பார்த்துவிட்டோம். பத்தாவது வீட்டுக்கு நாங்கள் போகச் சுணங்கிவிட்டோம். தாத்தா காலமானதும் பிள்ளைகள் கற்களைச் சமவெளியில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். போய்க் கேட்டோம். கடைக்காரர் தட்டைக் காட்டினார்; தாத்தாவின் கற்களோடு வேறு நூறு கற்கள் கலந்து கிடந்தன. எது தாத்தாவுடையது என்று இனி யாருக்கும் தெரியாது. அன்று திரும்பி வரும் வழியில் பேருந்தில் எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

கற்களை நாங்கள் விலைக்குக் கேட்கவில்லை. உரிமை அந்தந்தக் குடும்பத்துக்கே. தனித்தனி டப்பா, எண், குழியின் விவரம், பெரியவரின் குரல் பதிவு, உள்ளிழைகளின் படம், இவ்வளவுதான் எங்கள் வேலை. பதிவு முடிந்ததும் எந்த ஆய்வகம் கேட்டாலும் குடும்பத்தின் சம்மதத்தோடு ஒப்பிடக் கொடுப்போம்.

இரத்தினவியல் நுண்ணோக்கிக்கு ரூ.1,60,000. ஒளிவிலகல்மானிக்கும் புறஊதா விளக்குக்கும் ரூ.45,000. இரும்பு அலமாரி, டப்பாக்களுக்கு ரூ.38,000. மொத்தம் ரூ.2,43,000-இல் ரூ.71,500 சேர்ந்துவிட்டது, பெரும்பகுதி கொழுந்து எடுக்கும் பெண்கள் நூறும் இருநூறுமாகத் தந்தது. இன்னும் ரூ.1,71,500 வேண்டும். எவ்வளவு கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவை மாதம்தோறும் எங்கள் படிப்பக வாசலில் எழுதி ஒட்டுகிறோம்.

உங்கள் வீட்டிலும் முடிச்சு இருந்தால் கழுவாதீர்கள், சாணை பிடிக்கக் கொடுக்காதீர்கள், இரண்டு பேர் கற்களை ஒரே பையில் போடாதீர்கள். பெரியவர் இருக்கும்போதே எங்களைக் கூப்பிடுங்கள். எவ்வளவு தொலைவானாலும் நாங்களே வருகிறோம். முதல் முடிச்சைக் காட்டியவருக்கு இப்போது எண்பத்தொன்று. கண்பார்வை மங்கி வருகிறது. தைப்பொங்கலுக்குள் நுண்ணோக்கி வந்துவிட்டால், தம் கல்லுக்குள் ஓடும் இழையை அவரே திரையில் பெரிதாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கல் தொகுப்புக் குழுவினர்,
பந்தலூர், நீலகிரி.