உன் வில்லனுக்குப் பயம் போதவில்லை

மஸ்கெலியா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாவலை ஹட்டன் டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் அச்செடுத்து, இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தேன். 112 பக்கங்களின் ஓரங்களிலும் சிவப்புப் பேனை ஓடியிருக்கிறது. முப்பது வருடம் கொப்பி திருத்திய கை, கோபித்துக்கொள்ளாதே. மிதக்கும் நகரம் அழகாக வந்திருக்கிறது. எனக்கு உறுத்தியவர்கள் இரண்டு பேர்தான்: குழந்தைகளின் ஆயுளைக் குடித்தே வாழும் உன் கிழட்டு அரசனும், அவனை அழிக்கப் போய்ச் சிரித்த முகத்துடன் சாகும் உன் இளைஞனும். அரசன் கெட்டவன், ஆகவே சாக மறுக்கிறான் என்று எழுதிவிட்டாய். சாக மறுத்ததனால்தான் அவன் கெட்டுப்போனான் என்று எழுதியிருந்தால், அவன் சிம்மாசனத்தில் இருந்து பேசும் ஒவ்வொரு வார்த்தையும் வேறாகியிருக்கும்.

இரணியனை நினைத்துப் பார். தூணும் நரசிம்மமும்தான் நமக்கு நினைவில் இருக்கின்றன. ஆனால் பாகவதத்தின் ஏழாம் கந்தத்தில் அவனை நாம் முதலில் காண்பது ஒரு சாவு வீட்டில். உடன்பிறந்த இரணியாட்சனைத் திருமால் வராகமாக வந்து கொன்றுவிட்டார். தாயும் இறந்தவனின் பிள்ளைகளும் அழுகிறார்கள். அவர்களைத் தேற்றுகிறவன் இரணியன்தான். போரில் இறந்த ஓர் அரசனின் உடலைச் சுற்றி அழுதவர்களிடம் யமன் சிறுவனாக வந்து புத்தி சொன்ன கதையைச் சொல்லி, ஆன்மா அழியாது, உடலுக்காக அழாதீர்கள் என்கிறான். எந்த ஞானியும் குறை சொல்ல முடியாத பேச்சு. பேசி முடித்தவன் நேரே மந்தர மலைக்குப் போய், தனக்குச் சாவே வரக்கூடாது என்று தவம் செய்கிறான்! பகலிலும் வேண்டாம் இரவிலும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம் வெளியேயும் வேண்டாம், மனிதனாலும் வேண்டாம் மிருகத்தாலும் வேண்டாம் என்று அவன் கேட்ட பட்டியலை வாசிக்கும்போது, பேராசைக்காரனின் குரல் எனக்குக் கேட்பதில்லை. இரவில் எழுந்து எழுந்து கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறவனின் குரல்தான் கேட்கிறது. ஊருக்குச் சொன்ன தத்துவத்தைத் தன் உடம்புக்குச் சொல்ல முடியாதவன் அவன். உன் அரசனுக்கும் இப்படி ஒரு சாவு வீடு வேண்டும்.

ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதியின் கதையைச் சின்ன வயதில் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! 2007இல் வெளிவந்த ஹாரி பொட்டர் கடைசிப் பாகத்தை நீ யாரிடமோ இரவல் வாங்கிவந்து, ‘இவன் நம்ம கிளிக்காரன்தானே அம்மா’ என்று கேட்டாய். சரிதான். அந்தக் கதையின் வில்லன் வோல்டமோர்ட் உயிரை ஒளித்ததோடு நிற்கவில்லை, கொலை செய்து செய்து அதைத் துண்டாக்கினான் என்பதே வேறுபாடு. சாகாமல் இருப்பதற்காக, வாழ்வதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டான். அவன் கையால் சாகத் துணிந்து ஹாரி காட்டுக்குள் நடந்து போகும் இடத்தை மறுபடி வாசி. ஹாரி சிரிக்கவில்லை. தன் நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கேட்டபடி, நடுங்கிக்கொண்டுதான் போகிறான்.

அந்த நடுக்கத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சிவன் காமனை எரிக்கும் கதையை ஆடும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் உன் தாத்தா ஒன்பது வருடம் காமன் வேஷம் கட்டினார். மாசியில் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து விரதம். எரியும் இரவன்று அரிதாரம் பூசிக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தவருக்கு நான் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை நாள் முழுக்கப் பிடித்து வீசுகிற கை, கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்கும்படி நடுங்கியது. குளிரா அப்பா என்று கேட்டேன். “வேஷம்தான்னு தெரியும் புள்ள. ஆனா ரதி போகாதேன்னு அழுவுறப்ப நெஞ்சு நம்பிருதே” என்றார். பிறகு தப்புச் சத்தம் கேட்டதும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, காமன் பொட்டலை நோக்கி நடந்தார். சிவனின் தவத்தைக் கலைத்தால் சாம்பலாவோம் என்று காமனுக்குத் தெரியும். தேவர்கள் பிழைக்க வேண்டும், ஆகவே போகிறான். உன் இளைஞனிடம் இல்லாதது அந்தக் கோப்பைச் சத்தம். இழக்க மனமில்லாத எதுவும் அவனிடம் இல்லாதபடியால், அவன் கொடுப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு பூவை முகர வைத்து அவனை முழுசாக எழுப்பிவிட்டாய். காமனும் மூன்றாம் நாள் எழுகிறான்தான்; ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது சிவன் கொடுத்த வரம். மற்றவர்களுக்கு அவனுக்கு உருவமில்லை. நீ அந்தப் பூவை எடுத்துவிடுவாய் என்று நினைக்கிறேன். பிடிவாதம் பிடித்தால், குறைந்தது அவனிடமிருந்து எதையாவது பறித்துக்கொண்டு எழுப்பு.

41ஆம் பக்கத்தில் அரசனுக்கு ஒரு மகள் இருந்ததாக ஒரே ஒரு வரி வருகிறது, பிறகு நீயே அவளை மறந்துவிட்டாய். அவள் எந்த வயதில் இறந்தாள், அன்று இரவு அரசன் எந்த அறையில் இருந்தான் என்பதை எழுதி அனுப்பு. அந்தக் கடைக்காரப் பையன் பக்கத்துக்கு இருபது ரூபாய் கேட்கிறான், பரவாயில்லை, எவ்வளவு நீளமானாலும் அச்செடுத்து வாசிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா