இரண்டு 'இன்'கள்

அன்புள்ள செல்வம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி போன வாரம் முதல் தடவையாக 'தாத்தா' என்றாள். அதற்குப் பிறகு வருகிறேன்.

தின்னர் டப்பாவில் 'இன்ஃபிளேமபிள்' என்று போட்டிருந்ததைப் பற்றிக் கேட்டிருந்தாயே. 'இன்' என்றால் இல்லை என்றுதானே படித்தோம், அப்போது எரியாத பொருளா என்று. சரியான கேள்வி. லத்தீனில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை', இன்னொன்று 'உள்ளே'. தீ மூட்டுவதைக் குறிக்கும் 'இன்ஃபிளமாரே' என்ற வினையில் இருப்பது இரண்டாவது. ஆக, அந்த டப்பா சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வைக்காதே. இந்தக் குழப்பம் உயிருக்கே உலை வைக்கும் என்றுதான் 1920களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃபிளேமபிள்' என்றே எழுதச் சொன்னது.

எனக்குப் பிரியமானது முதல் 'இன்'தான். 'பாசிபிள்' முன்னால் 'இம்' ஆகிறது, 'லீகல்' முன்னால் 'இல்', 'ரெகுலர்' முன்னால் 'இர்'. மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆவதைப் போலத்தான், வாய் தனக்குச் சுலபமான வழியைத் தேடிக்கொள்கிறது. அவசியம் - அநாவசியம், நியாயம் - அநியாயம் என்று நாம் சொல்கிறோமே, அந்த வடமொழி முன்னொட்டும், ஆங்கிலத்தின் சொந்த 'அன்'னும், இந்த 'இன்'னும் ஒரே வேரில் பிறந்தவை.

இப்போது பேத்திக்கு வருகிறேன். 'இன்ஃபன்ட்' என்ற சொல்லுக்கு மூலம் 'இன்ஃபன்ஸ்', பேசாதது என்று பொருள். இத்தனை நாளும் அதைக் குழந்தை என்று மட்டுமே நினைத்திருந்தேன். அவள் வாயிலிருந்து சொல் வந்த அன்றைக்குத்தான் அதன் அருமை புரிந்தது.

'எனிமி'யிலும் இதே 'இன்' ஒளிந்திருக்கிறது தெரியுமா? லத்தீனில் 'அமிகஸ்' என்றால் நண்பன், 'இனிமிகஸ்' நண்பன் அல்லாதவன். பிரெஞ்சு வழியாக வந்ததில் உருத்தெரியாமல் தேய்ந்துவிட்டது. நண்பனுக்கு ஒரு சொல் இருந்த பிறகுதான் பகைவனுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது.

சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள். கண் முழுசாக ஆறும்வரை பொடி எழுத்துப் படிக்காதே. அப்புறம், 'இன்டிஜர்' என்ற சொல்லை அகராதியில் பார்த்து வை, அடுத்த கடிதத்தில் பேசலாம்.

அன்புடன்,
ராகவன்