ஐந்து மாதத்தில் நான்கு உதவியாளர்கள்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

பொருள்: வாடகை வீடுகளைக் கவனிக்க உங்களிடம் அமர்த்திய ரிமோட் உதவியாளர் (வேறு ஊரிலிருந்து போனிலும் இணையத்திலும் வேலை பார்ப்பவர்) சேவை பற்றி

வணக்கம்.

போன மாதம் 6-ஆம் தேதி சாயங்காலம், எங்கள் வில்லாபுரம் வீட்டில் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் பெரியம்மா, இரண்டு பஸ் மாறி திருநகரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் போன், முந்தானையில் முடிந்த வாடகைப் பணம். "ஏத்தா, வீட்டைக் காலி பண்ணணுமா?" என்பதுதான் முதல் வார்த்தை. போனை வாங்கிப் பார்த்தால் உங்கள் ஆள் அனுப்பிய வாட்ஸ்அப்: வாடகை பாக்கி, இது கடைசி எச்சரிக்கை, ஏழு நாளில் கட்டாவிட்டால் காலி செய்ய நடவடிக்கை எடுக்கப்படும். அதுவும் ஆங்கிலத்தில். பெட்டிக்கடைப் பையன் படித்துச் சொல்லியிருக்கிறான், கடை வாசலில், நாலு பேர் நிற்கும்போது. அவருடைய மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, 7-ஆம் தேதிதான் சம்பளம், அதனால் வாடகை எப்போதும் 10-ஆம் தேதி வரும், இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அன்றைக்குக் கொண்டுவந்தது பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாத்து.

இந்த விவரம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. நான் கொடுத்த கூகுள் ஷீட்டில் அவர் பெயருக்கு நேரே "10-ஆம் தேதிவரை கேட்க வேண்டாம்" என்று ஜனவரியிலேயே எழுதியிருக்கிறது. எழுதியவர் நீங்கள் எனக்குத் தந்த முதல் உதவியாளர். நான்காவது ஆள் அந்த ஷீட்டைத் திறந்தே பார்க்கவில்லை.

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா கட்டிய ஏழு போர்ஷன், வில்லாபுரத்தில் நான்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் செல்லூரில் மூன்று. அம்மா பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து என்னால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. வாடகையை ஞாபகப்படுத்துவது, ஈ.பி. பில் கட்டுவது, டூலெட் போனுக்குப் பதில் சொல்வது, எலக்ட்ரீசியனையும் பிளம்பரையும் பிடிப்பது, இவ்வளவுதான் வேலை. மாதம் 40 மணி நேரத்துக்கு 9,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 10,620. ஐந்து மாதத்தில் 53,100 ரூபாய் கட்டிவிட்டேன். "உங்களுக்கென்றே ஒருவர்" என்று உங்கள் விளம்பரத்திலும் இருக்கிறது, ஒப்பந்தத்திலும் இருக்கிறது.

முதலில் வந்த பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பெரியகுளம் பக்கம் ஏதோ கிராமத்திலிருந்து வேலை பார்த்தார், எங்கள் வீட்டை நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் எந்த வீட்டில் யார் நைட் ஷிப்ட் போகிறார், யாரை மதியம் எழுப்பக்கூடாது என்பதுவரை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டார். மோட்டார் புகார் வந்தால் முதலில் என்ன கேட்க வேண்டும் என்றுகூட ஷீட்டில் எழுதிவைத்தார்: மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் எலக்ட்ரீசியன், ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால் பிளம்பர். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவும் செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறதே, அதை எனக்கு எடுத்துச் சொல்லி எல்லாப் பேப்பரையும் ஒழுங்குபடுத்தியவரும் அவர்தான். பிப்ரவரி முடிவில் ஒரு நாள் போன் செய்தால் வேறு குரல். விசாரித்தால், அமெரிக்காவில் வீடு நிர்வாகம் செய்யும் ஒரு வாடிக்கையாளருக்கு அவரை மாற்றிவிட்டீர்களாம். டாலர் கொடுப்பவருக்கு நல்ல ஆள், எனக்கு மிச்சம். சரி, அது உங்கள் வியாபாரம், ஆனால் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

மார்ச்சில் வந்தவருக்கு ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதே தெரியாது, மாதாமாதம் எல்லோரிடமும் கேட்டு நச்சரித்திருக்கிறார். வீடு பார்க்க வந்த புது ஜோடியிடம் பத்து மாத அட்வான்ஸ் என்று சொல்லி ஓடவிட்டார். நான் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கியதே கிடையாது, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால் அந்தச் சட்டத்தில் இருக்கும் வரம்பும் அதுதான். அந்த போர்ஷன் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது.

மூன்றாமவர் கதையைக் கேட்டால் மதுரைக்காரர் யாரும் சிரிப்பார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. செல்லூர் வீட்டில் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கிறது என்று குடியிருப்பவர் சொல்லியிருக்கிறார். உங்கள் ஆள் டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டு, வில்லாபுரத்துப் பிளம்பருக்கு நேரம் குறித்திருக்கிறார். எந்த நாள்? அழகர் ஆற்றில் இறங்கும் நாள், காலை 7 மணி. ஊரே வைகைக்குள் நிற்கும், கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் சைக்கிள்கூட நுழைய முடியாது, அன்றைக்கு ஆற்றைத் தாண்டி செல்லூருக்கு வா என்றால்? பிளம்பர் எனக்கே போன் போட்டு, "அக்கா, அன்னைக்கு நானே ஆத்துக்குள்ளதான் நிப்பேன்" என்றார். அவர் வர மறுத்ததால் டிக்கெட் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது. எனக்கு மெயிலும் வந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. திருவிழாவுக்கு ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்த மூன்று வீட்டிலும் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. 1,500 ரூபாய் கொடுத்து லாரித் தண்ணீர் இறக்கினேன். கடைசியில் போயிருந்தது கண்டன்சர், எலக்ட்ரீசியன் பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டார். பிளம்பருக்கு அங்கே வேலையே இல்லை!

அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் வீட்டைப் பார்க்கச் சொன்னீர்களோ. கோபம் உங்கள்மேல்தான், முக்கியமாக இந்தக் கணக்கால்: ஒவ்வொரு புது ஆளுக்கும் நானே உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன், மார்ச்சில் 7 மணி நேரம், அடுத்தவருக்கு 6, அதற்கடுத்தவருக்கு 8. இந்த 21 மணி நேரத்தையும் என் 40 மணி நேரக் கணக்கிலேயே கழித்திருக்கிறீர்கள். உங்கள் ஆளுக்கு நான் பாடம் நடத்தி, அதற்கு ஃபீஸும் நானே கட்டியிருக்கிறேன். மணிக்கு 225 வீதம் 4,725, வரியோடு 5,575 ரூபாய் 50 காசு.

அந்தப் பணமும் லாரித் தண்ணீர் 1,500-ம் சேர்த்து 7,075 ரூபாய் 50 காசு எனக்குத் திரும்ப வர வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டின் வாடகையை நான் கேட்கவில்லை. விலக வேண்டுமென்றால் இரண்டு மாதக் கட்டணம் கட்டு என்று மெயில் அனுப்பியிருக்கிறீர்கள், அதை நான் கட்டப் போவதில்லை. ஒப்பந்தத்தை முதலில் மீறியது யார்?

அப்புறம் ஆதார். குடியிருப்பவர்களிடம் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க் ஆதார்தான் வாங்கி வைத்திருந்தேன். உங்கள் நான்காவது ஆள் எல்லோரிடமும் முழு ஆதாரை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கியிருக்கிறார். யார் சொல்லி? அது இப்போது எத்தனை பேர் போனில் இருக்கிறது? எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று எழுத்தில் வேண்டும். பெரியம்மாவிடம் உங்கள் மேலாளர் ஒருவர் தமிழில் பேசி வருத்தம் சொல்ல வேண்டும், போனில், மெயிலில் அல்ல, அவர் மெயிலுக்கு எங்கே போவார்?

15 நாள் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லிவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். "நீங்கள் வியாபாரத்துக்காகத்தானே சேவையை எடுத்தீர்கள், நுகர்வோர் ஆக மாட்டீர்கள்" என்று உங்கள் வக்கீல் என்னிடம் சொல்லக்கூடும். இந்த ஏழு வாடகைதான் எங்கள் வீட்டுச் சாப்பாடும் அம்மாவின் மருந்தும், அதை அங்கே சொல்லிக்கொள்கிறேன்.

பேச வேண்டுமென்றால் காலை 11 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் அம்மாவுக்கு பிசியோதெரபி. தயவுசெய்து இதற்கும் ஒரு டிக்கெட் எண் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
திருநகரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்