மூன்று அம்பும் ஒரு கறுப்புத் தட்டும்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். படியேறுவதை மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுவை. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கும் குப்பை வண்டிக்கும்தான் ஆகவில்லை.

போன வாரம் மறுசுழற்சித் தொட்டியை வாசலில் வைத்தேன். வண்டி வந்தது, போனது. தொட்டி வைத்த இடத்திலேயே நிற்கிறது, மூடியில் ஒரு மஞ்சள் சீட்டு: "ஏற்க இயலாத பொருள் உள்ளது." எந்தப் பொருள்? அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து உதவிக்கு வந்துவிட்டார். ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், பேப்பர் கட்டு எல்லாம் சரி. அடியில் பார்சல் வந்த கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து வேறு வைத்திருந்தேன். திருப்பினால் மூன்று அம்பு முக்கோணம், நடுவில் 5. அந்த முக்கோணம் இருந்தால் போடலாம் என்றுதானேடா இத்தனை காலம் நம்பினோம்?

விஷயம் அப்படி இல்லையாம். அந்த அம்புச் சின்னம் 1970-இல் காரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்கு வரைந்தது, அதுவும் காகிதத்துக்காக. 1988-இல் அங்கே பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் அதே மாதிரி முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போட்டது. அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்லும்: 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் (PET), 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 7 என்றால் "மற்றவை". வண்டிக்காரர் எடுப்பாரா என்பது அதில் இல்லை. ஜனங்கள் குழம்புகிறார்கள் என்று 2013-இல் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். என் தட்டு பழைய அச்சில் வார்த்தது போலிருக்கிறது.

5 என்பதால் கூட இல்லை, கறுப்பு என்பதால்தான் வினை. தரம் பிரிக்கும் ஆலையில் ஓடுகிற பட்டையின் மேல் அகச்சிவப்பு ஒளியை அடித்து, திரும்பி வருவதை வைத்து வகை பார்ப்பார்கள். கறுப்புக்காகச் சேர்க்கும் கரி அந்த ஒளியை விழுங்கிவிடுமாம். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் மெஷின் கண்ணுக்கு என் தட்டு தெரியாது!

என் ஆத்திரமே இதில்தான். இந்தக் காரணத்தை அந்தச் சீட்டில் ஒரு வரியில் எழுத இடம் இருந்தது. "பையில் கட்டிப் போடாதீர்" என்று அதட்டுகிறார்கள். பை போய்ச் சுழலும் உருளைகளில் சுற்றிக்கொள்ளும், மெஷினை நிறுத்தி ஓர் ஆள் உள்ளே இறங்கி அறுத்தெடுக்க வேண்டும் என்று சொன்னால் யார் கட்டிப் போடப் போகிறார்கள்? மூடி கதையும் இதுதான். முன்பு பாட்டில் மூடியைக் கழற்று என்றார்கள், நானும் ஆறு வருஷமாகக் கழற்றினேன். இப்போது மூடியோடு போடு என்கிறார்கள். தனியாகப் போட்டால் சல்லடையில் விழுந்து காணாமல் போகிறதாம். பாட்டிலோடு போனால் நொறுக்கித் தண்ணீரில் விடும்போது பெட் மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும், பிரித்துவிடலாம். கேட்கவே அழகாக இருக்கிறது, இல்லையா? யாரும் சொல்லவில்லை, நானாகத் தேடிப் படித்தேன்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் மறுசுழற்சித் தொட்டியில்தான் போடுவேன், அங்கே யாராவது பிரித்துக்கொள்ளட்டும் என்று. உடைந்த கண்ணாடி டம்ளரைக்கூடப் போட்டிருக்கிறேன். அது பாட்டில் கண்ணாடி உருகுகிற சூட்டில் உருகாமல் அடுத்த பாட்டிலையும் கெடுக்கலாமாம். சுசீலா சந்தேகம் என்றால் சாதாரணக் குப்பையில் போடுவாள். அவளைச் சோம்பேறி என்று கிண்டல் செய்திருக்கிறேன். மஞ்சள் சீட்டை அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

தட்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஆணி, திருகு போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பக்கம் மூடியைக் கழற்றச் சொல்கிறார்களா, விடச் சொல்கிறார்களா, எழுது. வண்டிச் சத்தம் கேட்கிறது, தொட்டி இன்னும் கொல்லையில் கிடக்கிறது. மற்றவை அடுத்த கடிதத்தில்.

உன்,
மூர்த்தி