மலைப்பாதையில் இன்னும் ஒரு பலகை வேண்டும்

மலையகத்தின் நடைபாதைகளுக்குப் பொறுப்பாக இருக்கும் சுற்றுலா, சுகாதார அதிகாரிகளுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

நான் ஊவாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். வெளியூர்க்காரர்களை மலைக்குக் கூட்டிப் போவதுதான் எட்டு வருடமாக என் தொழில். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒரு மாலை நேரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து ஆறு மாணவர்கள் வந்திருந்தார்கள். நாங்கள் இறங்கி வரும்போது ஐந்தரை மணி இருக்கும். தேயிலை மலைக்கும் சவுக்கு மரங்களுக்கும் நடுவே ஒரு கல்கட்டில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பியின் கைபேசி நழுவிச் சருகுக்குள் விழுந்தது. குனிந்து பார்க்காமலே கையை விட்டான். "முள்ளுக் குத்திட்டு அண்ணன்" என்றான். வலது சுட்டுவிரலில் ஊசி முனை அளவுக்கு இரண்டு புள்ளி. நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். காய்ந்த இலையோடு இலையாக, ஒரு முழம்கூட இல்லாத பாம்பு தட்டையாகச் சுருண்டு கிடந்தது. முக்கோணத் தலையை மட்டும் சாய்வாகத் தூக்கி வைத்திருந்தது. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. கோப்பி விரியன். சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். வெளிச்சம் பட்டும் அது நகரவில்லை. மற்றப் பாம்புகள் பலவும் நம் காலடி அதிர்வுக்கே விலகிப் போய்விடும். இது இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் இத்தனை பேர் இதனிடம் கடிபடுகிறார்கள்.

ஒரு பிள்ளை லேஞ்சியால் அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள். இன்னொருவன் பிளேடு தேடினான். கட்டை அவிழ்த்தேன், பிளேட்டை வாங்கிக்கொண்டேன். வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். கையை அசைக்காமல் ஒரு துணியில் தொங்கவிட்டோம். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது ஒன்றுதான்: இவனை எங்கே கொண்டு போவது?

தோட்ட டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. பக்கத்திலிருந்த சிறிய வைத்தியசாலைக்கு ஆட்டோவில் போனோம். அந்த நேரத்தில் அங்கே டொக்டர் இல்லை, பெரிய வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தார்கள். உறைந்தது. விரல் கொப்பளித்துக் கறுத்தது. சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியாகும்வரை ஐந்து நாள் வைத்திருந்தார்கள். தம்பி பிழைத்தான். அந்த மூன்றரை மணி நேரம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடித்தது கண்ணாடி விரியனாக இருந்திருந்தால்?

இலங்கையில் விஷப்பாம்புக் கடிகளில் மிக அதிகமாக நடப்பவை கோப்பி விரியனுடையவை. ஆனால் நம் வைத்தியசாலைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கானது அது. கோப்பி விரியன் கடிக்கு அது உதவாது. ஏற்றினால் ஒவ்வாமை வரும் ஆபத்துதான் மிச்சம். பெரும்பாலானவர்களுக்கு வீக்கமும் வலியும் கொப்புளமுமாகப் போய்விடும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும், இரத்தம் உறையாமல் போகும். ஆகவே எது கடித்தது என்று சரியாகத் தெரிய வேண்டும். முடிந்தால் எட்ட நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவருவது வேண்டாம். வெட்டுப்பட்ட தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும்.

2012–13இல் நாடு முழுவதும் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பு, இலங்கையில் ஒரு வருடத்தில் சுமார் 80,000 பாம்புக்கடிகளும் 400 மரணங்களும் நடப்பதாக மதிப்பிட்டது. இது தாழ்நாட்டு வயல்காரர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். என் அம்மாவை இரண்டு தரம் கடித்திருக்கிறது, இரண்டு தரமும் கொழுந்து எடுக்கும்போதுதான். முதல் தரம் சேலைக் கிழிசலால் கெண்டைக்காலை இறுக்கிக் கட்டி, காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்களம்வரை நடக்க வைத்துக் கூட்டிவந்தார்கள். கட்டிய இடத்துத் தோல் இன்றைக்கும் கறுத்துக் கிடக்கிறது. அந்த வடு பாம்பு போட்டதல்ல, கட்டுப் போட்டது.

கண்டிப் பக்கம் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக பீக்கோ நடைபாதை போகிறது. அதன் பெரும் பகுதி எங்கள் தேயிலை மலைகளுக்குள்ளால்தான் போகிறது. அதை வரவேற்கிறோம், எங்கள் பிள்ளைகளுக்கு அதனால் வேலையும் கிடைக்கிறது. நான் நடந்த பாதைகளில் எந்தத் திருப்பத்தில் எந்தக் காட்சி தெரியும், குப்பையை எங்கே போட வேண்டும் என்றெல்லாம் பலகை கண்டிருக்கிறேன். கடிபட்டால் எங்கே போவது என்று சொல்லும் பலகையை இதுவரை காணவில்லை.

நான் கேட்பது அந்தப் பலகையைத்தான். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் டொக்டர் இருக்கும், விஷமுறிவு மருந்து இருக்கும் வைத்தியசாலை எது, எத்தனை கிலோமீற்றர், வாகனம் வரக்கூடிய பாதைக்கு எந்தப் பக்கம் இறங்க வேண்டும், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸுக்கு இந்த இடத்தை என்ன பெயரில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் "ரெண்டாம் நம்பர் மலை, மேல் கான் ஓரம்" என்றால் எங்களுக்கு விளங்கும், தொலைபேசியை எடுப்பவருக்கு விளங்காது. கீழே கோப்பி விரியனின் படம், அதற்கும் கீழே நான்கு வரி: கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, அசைக்காதே.

வழிகாட்டிகளுக்கு வருடத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். விஷக்கல்லையும் மந்திரத்தையும் நம்பி முதல் இரண்டு மணி நேரத்தை விடுகிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்களை ஏசிப் பயனில்லை, ஒரு டொக்டர் நேரில் வந்து சொன்னால் கேட்பார்கள். நடக்க வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இது: அட்டைக்குப் பயந்து அட்டைக் காலுறை வாங்குகிறீர்கள், அதற்கு மேல் செருப்புப் போடாதீர்கள். கணுக்காலை மூடும் சப்பாத்து வேண்டும். அந்தி சாய்ந்தால் டோர்ச் வேண்டும். சருகிலும் விறகுக் குவியலிலும் கல் இடுக்கிலும் கையை விடுவதற்கு முன் ஒரு தடியை விட்டுப் பாருங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒன்று. பாதையைச் சுற்றுலாக்காரருக்காகத் துப்புரவாக்கும்போது லயத்திலிருந்து மலைக்கு ஏறும் படிகளையும் துப்புரவாக்குங்கள். அந்தப் படியில் ஒரு நாள் நடந்து போகிறவருக்குச் சப்பாத்து இருக்கிறது. தினம் நடக்கிறவருக்குப் பூட்ஸும் கையுறையும் இன்னும் வந்து சேரவில்லை.

பலகைக்குப் பலகையும் பெயின்டும் நீங்கள் தாருங்கள், குழி வெட்டுவது எங்கள் வேலை. முதல் பலகைக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அந்தக் கல்கட்டுக்குப் பக்கத்தில், ஆட்டோ வந்து திரும்பக்கூடிய முடக்கில்.

அன்புடன்,
மலையக வழிகாட்டி ஒருவன்